வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பிரசவ வார்டிலிருந்து ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் நேரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கட்டில் ஓரத்தில் நின்று நர்ஸ் சொல்கிறார். இந்த மாத்திரை காலையும் இரவும். தையலில் ஈரம் படக்கூடாது. தாய்ப்பால் தவிர வேறெதுவும் கொடுக்காதே. ஒன்றரை மாதத்தில் தடுப்பூசி. காய்ச்சல் வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிடு. அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள். அவள் கண் குழந்தையின் மேல் இருக்கிறது. வெளியே வண்டி வந்துவிட்டது. அடுத்த கட்டிலில் வேறொருத்தி காத்திருக்கிறாள்.

சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்க வேண்டிய ஒன்று மட்டும் பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை.

“வீட்டில் யாரம்மா இருக்கிறார்கள்?”

இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

மூன்று முகவரிகள்

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இது ஒருத்தியின் கதை அல்ல, பின்னலாடைத் தொழிலுக்காகத் திருப்பூருக்கும், கார் தொழிற்சாலைகளுக்காக ஸ்ரீபெரும்புதூருக்கும், மின்னணு ஆலைகளுக்காக ஓசூருக்கும் குடிபெயர்ந்த பல இளம் குடும்பங்களின் கதை.

கல்யாணமாகிக் கர்ப்பம் உறுதியானபோது அவள் புகுந்த வீட்டில் இருந்தாள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியர், ஊர்க்காரர்கள் வாயில் ‘நர்ஸம்மா’, அவள் பெயரைப் பதிந்து, அரசின் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கிக் கொடுத்தார். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு. தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். பிரசவம் அங்கே, வேறொரு மாவட்டத்தில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கணவரிடம் கொண்டுபோய் விட்டார்கள். ஆனால் கணவர் இப்போது ஊரில் இல்லை. பனியன் கம்பெனிக்குப் பக்கத்தில், வரிசையாக எட்டுக் கதவு இருக்கும் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்திருக்கிறார். காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்கு வருகிறார்.

மூன்று முகவரிகள், மூன்று நர்ஸம்மாக்கள், மூன்று அங்கன்வாடிகள். முதல் நர்ஸம்மாவின் கணக்கில் அவள் ‘தாய்வீடு சென்றார்’. இரண்டாவது கணக்கில் ‘கணவர் வீடு திரும்பினார்’. மூன்றாவது ஊரில் அவளை யாருக்கும் தெரியாது. அவளுக்கும் யாரையும் தெரியாது. பக்கத்துக் கதவில் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த இன்னொரு இளம் தாய் இதேபோலத் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை.

நம்முடைய பழைய ஏற்பாட்டைக் குறைத்துப் பேச நான் தயாராக இல்லை. தலைப் பிரசவம் தாய்வீட்டில் என்பது சும்மா வந்த சடங்கல்ல. பிள்ளை பெற்ற உடம்புக்கு ஓய்வு, பூண்டும் சுறாப்புட்டுமாகப் பத்தியச் சாப்பாடு, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டத் தெரிந்த ஒரு பாட்டி, ராத்திரி குழந்தை வீரிட்டால் வாங்கிக்கொள்ள இன்னொரு தோள். இத்தனையையும் ஒரு பெண்ணுக்கு உறுதி செய்து கொடுத்த சமூக ஏற்பாடு அது. அதில் தவறுகளும் இருந்தன. பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பதும், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும், பெண் குழந்தை என்றால் முகம் வாடுவதும் அதே வீட்டுக்குள்தான் நடந்தன. ஆனாலும் தோள் இருந்தது. இன்று தவறுகளில் பல குறைந்திருக்கின்றன, தோளும் குறைந்துவிட்டது. லைன் வீட்டுப் பெண்ணுக்குத் தாய்வீட்டு உதவி மூன்றோ ஐந்தோ மாதத்தோடு முடிந்துவிடுகிறது. குழந்தைக்கு இணை உணவு தொடங்க வேண்டிய ஆறாம் மாதம் வரும்போது அவள் பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டோம்

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றுப்படி (2019-21) தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. பல மாநிலங்கள் இன்னும் எட்டாத உயரம் இது. இதற்குப் பின்னால் நர்ஸம்மாக்கள் நடந்த நடை இருக்கிறது. 1987இல் தொடங்கி இன்று 18,000 ரூபாய் அளவுக்கு வளர்ந்திருக்கும் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. இரவு பகலாகத் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன.

அதே ஆய்வின் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் நூற்றுக்கு 25. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் ஏறத்தாழ 55 சதவீதம்தான். மருத்துவமனைக் கதவு வரை எல்லாப் பெண்களையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். கதவுக்கு வெளியே, வீட்டுக்குள், சமையல் மேடையில், தொட்டில் அருகில் நடக்க வேண்டியவை பாதி வழியில் நிற்கின்றன. மருத்துவமனையும் வீடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாததுதான் இதற்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியினர் கருவுற்ற 359 பெண்களைப் பிரசவத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பெண்களுக்கு மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டிருந்தது. எதனால்? குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உள்ள உரசல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரம். இவற்றோடு இன்னொன்றையும் அந்த ஆய்வு சொன்னது: ஒத்தாசைக்குக் கை இல்லாமை. குழந்தையைத் தூக்க, தண்ணீர் எடுக்க, அடுப்பைப் பார்க்க ஆள் இல்லாதது ஒரு பெண்ணை நோயாளி ஆக்கக்கூடும் என்று மருத்துவ ஆய்வே சொல்லிவிட்டது. அப்படியென்றால் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்பது நலம் விசாரிப்பு மட்டுமல்ல, ரத்த அழுத்தம் பார்ப்பதைப் போல அதுவும் ஒரு பரிசோதனை.

மருந்துச் சீட்டில் பாலும் காய்கறியும்

நோயோடு வீட்டையும் பார்த்த மருத்துவர்கள் முன்பே உண்டு. 1960களின் அமெரிக்கா. மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டாப் பகுதியில் பருத்தி பறிக்க இயந்திரம் வந்துவிட்டது. காலங்காலமாகக் கூலிக்குப் பறித்த கறுப்பினக் குடும்பங்கள் வேலை இழந்து பட்டினி கிடந்தன. மவுண்ட் பேயூ என்ற சிற்றூரில் ஜாக் கைகர் என்ற மருத்துவரும் அவருடைய தோழர்களும் ஒரு சமூக சுகாதார மையம் திறந்தார்கள். குழந்தைகள் வற்றிப்போய் வந்தன. மருத்துவர்கள் சீட்டில் மருந்து எழுதும் இடத்தில் பால், காய்கறி, இறைச்சி என்று எழுதினார்கள். ஊர் மளிகைக் கடைகள் அந்தச் சீட்டுக்குப் பொருள் கொடுத்தன. பணம் மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போனது. வாஷிங்டனிலிருந்து அதிகாரி வந்து, மருந்துப் பணத்தைச் சாப்பாட்டுக்குச் செலவிடுவதா என்று கேட்டார். ஊட்டக்குறைவுக்கு உணவுதான் மருந்து என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதே என்ற பொருளில் கைகர் பதில் சொன்னார். பிறகு ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் அந்த மக்களைத் திரட்ட, அவர்களே ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கித் தங்களுக்கான காய்கறியைத் தாங்களே விளைவித்தார்கள்.

கைகருக்கு வந்த நெருக்கடி நமக்கு இல்லை. நம் மருத்துவர் உணவுக்குச் சீட்டு எழுதிப் பணம் தேட வேண்டியதில்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975லிருந்து நடக்கிறது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. கர்ப்பிணிக்கு, பாலூட்டும் தாய்க்கு, ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சத்துமாவு அங்கே இருக்கிறது. எடை பார்க்கும் தராசு இருக்கிறது. எழுத வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெண் இப்போது குடியிருக்கும் தெருவுக்கு எந்த அங்கன்வாடி, அங்கே டீச்சரின் எண் என்ன? இதை எழுதாததால், ‘எங்க கார்டு ஊர்ல இருக்கு, இங்கே தரமாட்டாங்க’ என்று நினைத்தே பல பெண்கள் பால்வாடிப் பக்கம் போவதில்லை. ரேஷன் கார்டு எந்த ஊரில் இருந்தாலும், குடியிருக்கும் இடத்து அங்கன்வாடியில் பதிந்துகொள்ளலாம். ஓர் ஊர் மையத்திலிருந்து இன்னோர் ஊர் மையத்துக்குப் பெயரை மாற்றவும் வழி இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டிய வாய் மருத்துவமனையில்தான் இருக்கிறது. ஏனென்றால் அந்தக் குடும்பம் நம்பி வந்து போகும் ஒரே அரசு இடம் அதுதான்.

சுகாதாரமும் ஊட்டச்சத்தும் கைகோக்க வேண்டும் என்பது இங்கே புது யோசனையும் அல்ல. 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியபோது, ஊரிலேயே இருக்கும் ஒரு பெண்ணை ஊட்டச்சத்துப் பணியாளராக்கினார்கள். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்தார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் மூன்று மாதம் கூடுதல் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். தேறாத குழந்தையைச் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பினார்கள். ஊர்ப் பெண்களைக் குழுவாகச் சேர்த்து அவர்களையே பக்கத்து வீடுகளுக்கு எடுத்துச் சொல்ல வைத்தார்கள். அண்மையில், 2022இல் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்திலும் அங்கன்வாடி எடை பார்க்கிறது, மருத்துவக் குழு பரிசோதிக்கிறது. அப்படிச் சேரும்போது குழந்தை தேறுகிறது.

புதன்கிழமை அரை மணி நேரம்

இளம் தாய்மார்கள் மருத்துவமனைக்குத் தவறாமல் வருவது எதற்கு? தடுப்பூசிக்கு. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம், பிறகு ஒன்றரை வயதை ஒட்டி. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டபின் குழந்தைக்கு ஏதும் ஆகவில்லையா என்று பார்க்க அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறார்கள். பெஞ்சில் பத்துப் பதினைந்து தாய்மார்கள், பத்துப் பதினைந்து கைக்குழந்தைகள், கூடவே மாமியாரோ அம்மாவோ. யாரும் யாரோடும் பேசாமல் செல்போனைப் பார்த்துக்கொண்டு, நேரம் முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு சுகாதார நிலையத்துக்குக் கிடைக்கும் ஆகப் பெரிய வாய்ப்பு இந்த அரை மணி நேரம் என்பேன். யாரையும் தனியாக அழைத்து வர வேண்டாம். மண்டபம், டீ, பிஸ்கட், பேனர் எதுவும் வேண்டாம். அந்தப் பகுதி அங்கன்வாடி டீச்சர் அன்று அங்கே வந்து உட்கார்ந்தால் போதும். ‘நீங்க எந்தத் தெரு?’ என்று ஒவ்வொருவரையும் கேட்டால் போதும். ‘அட, நீங்க ரெண்டு பேரும் ஒரே காம்பவுண்டா?’ என்று இரண்டு பேரைச் சேர்த்து வைத்தால், மருத்துவர் தர முடியாத ஒன்றை அந்த இருவரும் ஒருவருக்கொருவர் தந்துகொள்வார்கள். பகுதி மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஒருவர் வந்தால், பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பத் தவிக்கும் பெண்ணுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் ஆள் யார், சிறு கடன் எங்கே என்பது தெரியவரும். கூட வந்த பாட்டியையும் விடக்கூடாது. மூன்றாம் மாதம் வசம்பு கொடுப்பதா, பசும்பால் கொடுப்பதா என்று வீட்டில் முடிவெடுப்பவர் அவர்தான். அவரிடம் பேசாமல் அந்தப் பெண்ணிடம் மட்டும் பேசினால், அந்தப் பெண் வீட்டுக்குப் போய் வாதாட வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தை நாம் அவள் தலையில் வைக்கக்கூடாது.

தனியார் குழந்தை மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் தனியார் மருத்துவமனையில் நடக்கிறது. அங்கே பிறந்த குழந்தைக்கும் அங்கன்வாடி உண்டு. தாய்க்கு அந்த விஷயம் எட்டுவதில்லை, அவ்வளவுதான்.

‘போய்ப் பாருங்க’ போதாது

மருத்துவர்கள் வேண்டுமென்றே கேட்காமல் இருப்பதில்லை. ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு ஓர் ஆளுக்குக் கிடைப்பது மூன்று நான்கு நிமிடம். கேட்டுவிட்டு, ‘யாரும் இல்லைங்க’ என்று பதில் வந்தால் அடுத்து என்ன செய்வது என்ற தயக்கமும் உண்டு. அது நியாயமான தயக்கம். ஒரு பெண்ணைக் குடைந்து கேட்டு அழவைத்துவிட்டு, கையில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதைவிடக் கேட்காமல் இருப்பது மேல். ஆகவே கேட்பதற்கு முன்பே பதில் தயாராக இருக்க வேண்டும். ஒரு தாளில் அந்தப் பகுதி அங்கன்வாடிகள், நகர்ப்புற செவிலியரின் பெயர், சுய உதவிக் குழுக் கூட்டமைப்பு, குழந்தைகள் காப்பகம், தொழிலாளர் நல வாரிய அலுவலகம், வீட்டில் அடி உதை என்றால் 181, மனம் உடைந்தால் 14416. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் போதும். ஆனால் அதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாராவது புதுப்பிக்க வேண்டும். மாறிப்போன எண்ணுக்கு அழைத்து ஏமாந்த பெண் அடுத்தமுறை எந்த எண்ணையும் அழைக்க மாட்டாள்.

தாள் கொடுப்பது பாதி வேலைதான். ‘பால்வாடிக்குப் போய்ப் பாருங்க’ என்பதற்கும், அவள் உட்கார்ந்திருக்கும்போதே போனை எடுத்து, ‘டீச்சர், நம்ம ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன். நாலு மாசக் கைக்குழந்தையோட ஒரு பொண்ணு உங்க பக்கத்து லைன் வீட்டுக்குக் குடி வந்திருக்கு. நாளைக்குப் பத்து மணிக்கு அனுப்பறேன், பார்த்துக்குங்க’ என்று சொல்வதற்கும் மலையளவு வித்தியாசம். முதலாவது ஒரு தகவல். இரண்டாவதில் ஒருவர் அவளுக்காகக் காத்திருக்கிறார். அறியாத ஊரில் காத்திருக்க ஓர் ஆள் இருந்தால் கால் தானாக நடக்கும். இந்தப் போனை மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை. நர்ஸ் செய்யலாம், ஆற்றுப்படுத்துநர் செய்யலாம். அடுத்த தடுப்பூசிக்கு அவள் வரும்போது, ‘டீச்சரைப் பார்த்தியா கண்ணு?’ என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் முதல் போனும் வீண்.

பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமான வழிகாட்டுதல் இருக்கிறது. அதன்பின் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களிலும் போக வேண்டும். இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் பிரசவமான முதல் பத்து நாட்களுக்குள் வீட்டு வாசலில் நிற்பார். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து வளர்ந்த பழக்கம் அது. யாழ்ப்பாணத்துத் தாய்க்கும் மட்டக்களப்புத் தாய்க்கும் அவர் பழக்கப்பட்ட முகம். நம் நர்ஸம்மாவுக்கு என்ன நேர்ந்தது? அவர் பணிபுரியும் துணை சுகாதார நிலையம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அவர் இன்றைக்குப் பெரும்பொழுதைச் செயலிகளிலும் பதிவேடுகளிலும் எண்களை ஏற்றுவதில் கழிக்கிறார். காலியிடம் உள்ள பக்கத்து நிலையத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். இது அவருடைய குறை இல்லை. வாசல்படி ஏறி உட்கார்ந்து பேசும் அரை மணி நேரத்தை அரசு அவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அங்கன்வாடிக் காலியிடங்களை நிரப்ப வேண்டும். மருத்துவர் அனுப்பி வைக்கும் இடத்தில் ஆள் இல்லையென்றால் அனுப்பி என்ன பயன்?

வெளியே நிற்கும் அப்பா

இன்னும் ஒருவரை மறந்துவிடுகிறோம். பிரசவ வார்டுக்கு வெளியே, மரத்தடியில், பிளாஸ்கோடு நிற்கும் இருபத்தைந்து வயது இளைஞர். அவரை உள்ளே விடுவதில்லை. ரத்தம் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்றால் மட்டும் கூப்பிடுகிறோம். தனிக்குடித்தனத்தில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே தோள் அவர்தான். அவரிடம் எந்த நர்ஸும் ஐந்து நிமிடம் பேசியதில்லை. குழந்தையை எப்படித் தூக்குவது, ராத்திரி பாலூட்டும் மனைவிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது ஏன் முக்கியம், அவள் காரணமில்லாமல் அழுதால் கோபப்படாமல் எப்போது அழைத்து வர வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை. எடின்பரோ அளவுகோல் என்று பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவம் 1987லிருந்து இருக்கிறது. பிரசவத்துக்குப் பின்வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உதவும். தமிழிலும் உண்டு. நிரப்பச் சில நிமிடம்தான் ஆகும். அதைத் தாயிடம் கேட்கும்போது வீட்டார் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆனால் விடை கவலைப்படும்படி இருந்தால், அவள் சம்மதித்தால், முதலில் உள்ளே அழைக்க வேண்டியது மரத்தடியில் நிற்கும் அவரைத்தான்.

பிரசவ வார்டில் வேலை பார்க்கும் மருத்துவர்களே, செவிலியர்களே, நாளைக் காலை டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும்போது கடைசி வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரி எழுதுங்கள். இனி எந்த ஊரில் இருப்பாள்? பகலில் கூட யார் இருப்பார்கள்? இதைப் படிக்கும் மற்றவர்களும் உங்கள் தெரு அங்கன்வாடி டீச்சரின் எண்ணை இந்த வாரம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்குக் கைக்குழந்தையோடு யாராவது குடி வந்தால், கதவைத் தட்டி அந்த எண்ணைக் கொடுங்கள்.